மேற்கே திரும்பினால் என்ன?

போட்ட திட்டத்தை விட்டு விலகும் ஒவ்வொரு மணியும் வீண் என்கிறார்கள். ஏற்க மாட்டேன். 1880 அக்டோபரில், கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டிராவிட்டால்? அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கற்றுவிட்டுக் கல்லூரியில் பாடம் சொல்லிவந்த உ.வே.சா.வின் திட்டத்தில் சமண காவியம் எங்கே இருந்தது? அந்தக் கேள்வி அவரை வேறு திசைக்கு இழுத்தது. 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று பதிப்பித்தார். இதுவா விரயம்?

நாமோ பயணத்தில்கூடத் திட்டத்தை விட்டு விலகுவதில்லை. இராஜபாளையத்திலிருந்து சேத்தூர் வழியாகத் தென்காசி போகிறவர்களுக்குக் குற்றாலம்தான் கணக்கு. சேத்தூரைத் தாண்டி மேற்கே திரும்பினால் தேவதானம். அதற்கும் அப்பால் மலையடியில் சாஸ்தா கோயில். நேரமில்லை என்று பிள்ளைகளை அங்கே இறக்காமலே கொண்டுபோகிறோம்.

திட்டத்தை விட்டு விலகலாம் என்பதற்காகக் கைப்பேசி தின்னும் பொழுதுக்காக நான் வாதாடவில்லை. அது நம்மை எங்கேயும் கூட்டிப்போவதில்லை.