ராமானுஜனின் இரண்டு கடிதங்களும் நம் பிள்ளைகளின் ரெஸ்யூமும்

1912 பிப்ரவரி 9 தேதியிட்ட ஒரு வேலை விண்ணப்பம் திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்துக்குப் போனது. எழுத்தர் இடம் ஒன்று காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சூழ்நிலையால் படிப்பைத் தொடர முடியவில்லை. இப்போது முழு நேரமும் கணிதத்தில்தான். வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன். இவ்வளவுதான் கடிதம். எழுதியவர் சீனிவாச ராமானுஜன். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரையும் கூடவே இருந்தது. மார்ச் 1 அன்று கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார்.

அந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்றை, வேலைக்கு ஆள் சேர்க்கும் நம் துறையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதை எழுதிய நாட்களில் அவர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் பிரிவில் இடம் கேட்பவருக்கு அதைவிடப் பொருத்தமான அனுபவம் ஏது? அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. படிப்பு நின்றுபோனது மட்டும் இருக்கிறது.

பதினோரு மாதம் கழித்து, 1913 ஜனவரி 16 அன்று, அதே மனிதர் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார். துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் எழுத்தர் என்று முதல் வரியிலேயே தன் இடத்தைச் சொன்னார். சம்பளத்தைச் சொன்னார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. பிறகு, தான் கண்டுபிடித்த தேற்றங்களைப் பக்கம் பக்கமாக எழுதி இணைத்தார். ஹார்டி அந்தப் பக்கங்களைச் சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்துப் பார்த்த பிறகுதான் பதில் போட்டார். கடிதத்தின் பணிவோ நடையோ அவரை அசைக்கவில்லை, இணைப்பில் இருந்த வேலை அசைத்தது. கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கும், பேக்கருக்கும் ஹாப்சனுக்கும், முன்பே எழுதியிருந்தார். அவர்களிடமிருந்து பயன் இல்லை. நல்ல விண்ணப்பத்துக்கும் நல்ல வாசகர் அமைய வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் கல்லூரிகளிலும் பிளேஸ்மென்ட் பார்ப்பவர்கள், ஆலைகளில் ஹெச்.ஆர். மேசையில் இருப்பவர்கள், கான்ட்ராக்டருக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவர்கள் எல்லோரும் இந்த இதழைப் படிக்கிறீர்கள். நம் கைக்கு வரும் ரெஸ்யூம்களில் பெரும்பாலானவை ராமானுஜனின் முதல் கடிதம் போலவே இருக்கின்றன. செய்த வேலை அதில் இல்லை. ஜெராக்ஸ் கடையிலோ பிரௌசிங் சென்டரிலோ கணினியில் காத்திருக்கும் ஒரே மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தது அது. மேலே சவாலான சூழலில் பணியாற்ற விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிக்கோள். கீழே அப்பா பெயர், மதம், சாதி, பொழுதுபோக்கு, மேலே சொன்னது அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி. நடுவே, இரண்டு வருடம் வெல்டராக வேலை பார்த்தது ஒரே வரி.

அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். கேட்டால் உரையாடல் இப்படித்தான் போகும்.

“என்னப்பா வேலை பார்த்தே?”

“வெல்டிங் சார்.”

“டிக்கா, ஆர்க்கா?”

“ரெண்டும் சார். ரூட்டு டிக், மேல ஆர்க்.”

“பிளேட்டா, பைப்பா?”

“பைப் சார். ஆறு இன்ச், எட்டு இன்ச். மணலி ஷட்டவுன்ல.”

“டெஸ்ட் குடுத்தியா?”

“6ஜி பாஸ் சார். ஜாயின்ட் எல்லாம் எக்ஸ்ரே எடுத்தாங்க.”

இதில் ஒன்றுகூட ரெஸ்யூமில் இல்லை. ஆள் எடுக்கும் எஞ்சினியர் தேடுவதோ இவற்றைத்தான். எந்த முறை, எந்த நிலை, என்ன உலோகம், எத்தனை அங்குலம், எப்போது டெஸ்ட். கடைசியாக வெல்டிங் செய்த மாதமும் வேண்டும். ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவின்படி ஒரு முறையில் ஆறு மாதம் தொடர்ந்து வெல்டிங் செய்யாதவருக்கு அந்தத் தகுதி காலாவதியாகிவிடும். வளைகுடாவுக்கு ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். பையனுக்கு எல்லாம் தெரியும். அவனிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் அவன் சொல்லவில்லை.

ரெஸ்யூம் எழுதும் வேலையின் பெரும்பகுதி இந்தக் கேள்விகள்தான் என்று உறுதியாக நம்புகிறோம். முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எளிய ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வரிகளாக மாற்றினால் போதும். ஆங்கிலத்தில் யோசித்து எழுது என்று ஒரு பிட்டரிடம் சொன்னால், தெரிந்த ஆங்கிலத்துக்குள் அடங்கும் அளவுக்கு அவன் தன் அனுபவத்தைச் சுருக்கிக்கொள்கிறான். குறிக்கோள் வரியும் உறுதிமொழியும் போனால் அரைப் பக்கம் மிச்சமாகும். ஐந்து வருட அனுபவம் வரை ஒரு பக்கமே நிறைவு.

காசிமேட்டுப் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். படிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஒன்றிரண்டு வருடம் அப்பாவோடு விசைப்படகில் கடலுக்குப் போயிருப்பார்கள். ரெஸ்யூமில் அந்தக் காலம் வெற்றிடமாக இருக்கும். கேட்டால் சும்மா இருந்தேன் என்பார்கள். நடுக்கடலில் நின்றுபோன டீசல் எஞ்சினைத் திரும்ப ஓட வைத்தவன், ஜி.பி.எஸ். பார்த்துத் திசை பிடித்தவன், விஞ்சும் ஐஸும் கணக்கும் பார்த்தவன் சும்மா இருந்தவனா? டீசல் மெக்கானிக் வேலைக்கோ டக் படகு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தக் காலம்தான் அவனுடைய முதல் பத்தியாக இருக்க வேண்டும். படகின் நீளம், எஞ்சினின் குதிரைத்திறன், எத்தனை நாள் தங்கல் என்று எழுதச் சொல்லுங்கள். அதை எழுதக் கூச்சப்படும் பிள்ளையிடம், கூச்சப்பட அதில் எதுவுமில்லை என்று சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

லிங்கிச்செட்டித் தெரு, தம்புச்செட்டித் தெரு ஷிப்பிங் அலுவலகங்களுக்குப் போகும் பெண்கள் விஷயமும் இதே மாதிரிதான். பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம். முடித்து ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் இரண்டு வருடம் இருந்தவர், டேட்டா என்ட்ரி, எம்.எஸ். ஆபீஸ் தெரியும் என்று எழுதுகிறார். பில் ஆஃப் என்ட்ரி போட்டாரா, ஷிப்பிங் பில்லா, ஐஸ்கேட்டில் நேரடியாகத் தாக்கல் செய்தாரா, எந்த வகைச் சரக்கு, மாதம் எத்தனை? ஹெச் கார்டு வைத்திருக்கிறாரா, ஜி கார்டு தேர்வு எழுதினாரா? அந்தத் தெருக்களில் சம்பளத்தைத் தீர்மானிக்கும் கேள்விகள் இவைதான். விடைகள் ரெஸ்யூமின் மேல் பாதியில் இருக்க வேண்டும்.

இணையத்தில் விண்ணப்பிக்கும் பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமை முதலில் படிப்பது பெரும்பாலும் மென்பொருள். இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, கட்டம் கட்டி, படங்கள் ஒட்டிய அழகான படிவங்களை அது தாறுமாறாக வாசிக்கலாம். கைபேசியில் படம் பிடித்து பி.டி.எஃப். ஆக்கியதில் எழுத்தே கிடைக்காமல் போகலாம். ஒரே நெடுவரிசை, சாதாரண எழுத்துரு, விளம்பரத்தில் இருக்கும் அதே தொழிற்சொற்கள், கோப்புக்குப் பெயரும் தொழிலும் சேர்ந்த பெயர். இதற்கு மேல் தொழில்நுட்பம் தேவையில்லை.

உண்மையைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்திகரிப்பு ஆலைக்குள் ஷட்டவுன் வேலை பார்த்த பையன், ஆலையின் பெயரையே வேலை கொடுத்தவராக எழுதிவிடுகிறான். அவனைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. தினமும் அந்தக் கேட்டில்தான் பாஸ் காட்டி நுழைந்தான். ஆனால் இன்று வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண்ணைப் போட்டால் எந்த மாதம் யாரிடம் வேலை என்பது தெரிந்துவிடும். அங்கே கான்ட்ராக்டர் பெயரும் ரெஸ்யூமில் ஆலையின் பெயரும் இருந்தால், நேர்மையான பையன் பொய்யன் ஆகிவிடுகிறான். வேலை கொடுத்தவர் என்ற இடத்தில் கான்ட்ராக்டர், வேலை செய்த இடம் என்று ஆலை. இரண்டு வரியாகப் பிரித்து எழுத வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆலையின் பெயரால் கிடைக்கும் மதிப்பும் போகாது.

முகவரி பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு பயம் இருக்கிறது. வியாசர்பாடி, காசிமேடு என்ற பெயரைப் பார்த்ததும் ரெஸ்யூமை ஒதுக்கி வைத்துவிடுவார்களோ என்று கேட்கிறார்கள். அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கதவு எண், தெரு, அப்பாவின் தொழில், சாதி, மதம் எதுவும் ரெஸ்யூமில் தேவையில்லை. ஊரும் பின்கோடும் போதும். ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்புவது ஆபத்து, உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதேசமயம் எண்ணூரில் ஷிஃப்ட் வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு 600 019 என்ற திருவொற்றியூர் பின்கோடு நல்ல செய்தி. இரவு ஷிஃப்ட் முடிந்து அரை மணியில் வீடு போகும் ஆள் நிற்பான், தாம்பரத்திலிருந்து வருபவன் மூன்று மாதத்தில் களைத்துவிடுவான். அந்த இடத்தில் முகவரியைத் தைரியமாக மேலே போடலாம். ஹெச்.ஆர். வாசகர்களிடம் நேராகவே கேட்கிறோம். இந்த ஆலைகள் நிற்கும் மண்ணின் பிள்ளைகளைத் தெருப் பெயரை வைத்துத் தள்ளாதீர்கள்.

கவர் லெட்டருக்கு வருவோம். எசுடீம்டு கன்சர்ன் என்று தொடங்கும் பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் கடிதத்துக்கு இப்போது இடமில்லை. சாட்ஜிபிடி எழுதித் தரும் வழவழப்பான நான்கு பத்திகளும் அதற்கு மாற்று ஆகாது. ஒரே நாளில் இருபது பேரிடமிருந்து ஒரே கடிதம் வந்தால் ஹெச்.ஆர். எதையும் படிப்பதில்லை. நம் பகுதியில் கவர் லெட்டர் பெரும்பாலும் வாட்ஸ்ஆப் செய்தியாக மாறிவிட்டது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, நன்றாக எழுதப் பழக்கலாம். உதாரணத்துக்கு:

“வணக்கம் சார். எண்ணூர் யார்டுக்கு ரீச் ஸ்டேக்கர் ஆபரேட்டர் தேவை என்ற உங்கள் விளம்பரம் பார்த்தேன். மாதவரத்தில் ஒரு சி.எஃப்.எஸ்.ஸில் மூன்று வருடமாக ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிறேன். லோடு கன்டெய்னர், காலி கன்டெய்னர் இரண்டும் அடுக்கியிருக்கிறேன். இரவு ஷிஃப்ட் பழக்கம். ஹெவி லைசென்ஸ் நடப்பில் உள்ளது. வீடு திருவொற்றியூர். பதினைந்து நாளில் சேர முடியும். ரெஸ்யூம் இணைத்துள்ளேன்.”

எந்த இடம், அதற்குப் பொருந்தும் எந்த வேலையைச் செய்திருக்கிறேன், எப்போது வர முடியும். படிப்பவர் தமிழர் என்று தெரிந்தால் தமிழிலேயே எழுதலாம். கப்பல் கம்பெனிக்கும் வெளிநாட்டு ஏஜென்சிக்கும் இதையே ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்பலாம். நீளம் கூடவே கூடாது.

ராமானுஜனுக்கு மிடில்மாஸ்ட் இருந்தார். துறைமுகக் கழகத்தில் நாராயண ஐயர் போன்ற கணிதம் அறிந்தவர்களும் இருந்தார்கள். நம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத நாம்தான் இருக்கிறோம். ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி என்று எல்லோருக்கும் ஒரே சான்றிதழ் கொடுத்தால் அது யாருக்கும் உதவாது. லேத்தில் எந்த வேலையை எவ்வளவு துல்லியமாக முடித்தார், அப்ரன்டிஸாக இருந்தபோது எந்த மெஷினில் அவரைத் தனியாக விட்டார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

கடைசியாக, அனுபவச் சான்றிதழ். கப்பலில் போகும் மாலுமிக்கு சி.டி.சி. புத்தகம் இருக்கிறது, எந்தக் கப்பலில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பதவி என்பது அதில் பதிவாகிவிடும். கரையில் கான்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவருக்கு அப்படி எதுவும் தானாகக் கிடைப்பதில்லை. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மத்திய விதிகளிலேயே, வேலை முடிந்ததும் கான்ட்ராக்டர் பணிச் சான்று தர வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பும் அனுபவச் சான்று தரச் சொல்கிறது, ஆனால் தொழிலாளி கேட்டால் தர வேண்டும் என்று. அதனால் கேட்கப் பழக்குவது நம் வேலையாகிறது. ஷட்டவுன் முடிந்து ஆட்கள் கலையும் கடைசி வாரத்திலேயே, செய்த வேலை, அளவு, தேதி எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கச் சொல்லுங்கள். சைட் ஆபீஸைக் காலி செய்த பிறகு யாரையும் பிடிக்க முடியாது. கான்ட்ராக்டர்களாக இருக்கும் வாசகர்கள், பையன்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், கடைசிச் சம்பளத்தோடு அந்தத் தாளையும் கொடுத்து அனுப்ப வேண்டுகிறோம்.