‘பை’யும் ‘டில்’லும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கடிதம் எழுதும் வேலை எனக்கு. வடக்கே ஒரு வியாபாரிக்கு, 20ஆம் தேதிக்குள் சரக்கு முழுவதும் வந்துவிடும் என்று எழுத வேண்டும். நான் ‘டில் 20’ என்று எழுதிவிட்டேன். அவர், சரக்கு 20ஆம் தேதி வரை கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்று புரிந்துகொண்டு, பாதி ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே பெரிய கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். திட்டவில்லை. “தம்பி, நீ எழுதினதை அப்படியே தமிழ்ல சொல்லு” என்றார். “20ஆம் தேதி வரை அனுப்புவோம்” என்றேன். சொல்லும்போதே தப்பு தெரிந்துவிட்டது.

காலத்தைச் சொல்லும்போது ‘பை’ என்றால் ‘குள்’. ‘டில்’ என்றால் ‘வரை’. “அஞ்சு மணிக்குள் வந்துருவேன்” என்பதும் “அஞ்சு மணி வரை இருப்பேன்” என்பதும் வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கும் சின்னப் பையனுக்குக்கூடக் குழம்பாது. குழப்பம் ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வருகிறது.

இன்று வீட்டுப்பாடத்தோடு வரும் தெருப் பிள்ளைகளும் அதே தப்பைச் செய்கிறார்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று பல இடங்களில் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வேற்றுமை எட்டு என்று தொல்காப்பியம் வகுத்து வைத்த மொழி நம்முடையது. நாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான்.

தமிழ் சில இடங்களில் காலை வாரியும் விடும், மறுக்கவில்லை. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்ற பழக்கத்தில்தான் ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ஓர் ‘அபௌட்’டைச் சேர்த்துவிடுகிறோம். அங்கே அது வேண்டியதில்லை. ‘பத்து வருஷமாக’ என்பதற்கு ‘ஃபார்’ போடாமல் ‘சின்ஸ்’ போடுகிறோம். ‘2010லிருந்து’ என்றால்தான் ‘சின்ஸ்’. இதையும் தமிழை வைத்துத்தானே விளக்க முடிகிறது?

தப்பாக எழுதும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். “தமிழ்ல சொல்லு” என்று கேளுங்கள். எனக்கு அந்த ஒரு கேள்வி ஓய்வு பெறும் வரை உதவியது. ‘வரை’தான், ‘குள்’ இல்லை!