குமிழுக்குப் பெயர் எழுதாத பெட்டி

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் ஜெராம், கோலசிலாங்கூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. "தூக்கிப் போடாதீங்க, லினக்ஸ் போடுங்க" என்பார்கள் பிள்ளைகள். நல்ல யோசனைதான். காசும் செலவில்லை. ஆனால் போட்ட பிறகு திரை ஒழுங்காக ஓடுமா என்பது, உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டைச் செய்த நிறுவனம் எப்போதோ எடுத்த முடிவைப் பொறுத்தது.

சுங்கை செம்பிலாங்கில் என் மாமா வீட்டில் இரண்டு பழைய கணினிகள். ஒன்றில் லினக்ஸ் போட்டதும் யூடியூப் வரை எல்லாம் ஓடியது. அதைவிடப் புதிய மற்றொன்றில் காணொளி விட்டு விட்டு வந்தது. "பழசு ஓடுது, புதுசு மக்கர் பண்ணுது. என்னம்மா இது?" என்றார் மாமா.

கணினிக்கும் கார்டுக்கும் நடுவே பேசுகிற மென்பொருள்தான் டிரைவர். நான் தினமும் உட்காரும் ஒலிபரப்பு அறையில் மிக்சர் பலகை இருக்கிறது. எந்தக் குமிழ் மைக், எது பாட்டு என்று கீழே எழுதியிருக்கும். அந்த எழுத்தை எல்லாம் அழித்துவிட்டு நேரலை நடத்தச் சொன்னால் என் பாடு என்னாகும்! கிராஃபிக்ஸ் கார்டிலும் 'ரெஜிஸ்டர்' என்னும் குமிழ்கள் ஏராளம். எதில் எந்த எண்ணை எழுதினால் என்ன நடக்கும் என்ற விவரக் குறிப்பு நிறுவனத்திடம்தான் இருக்கும். அது கிடைக்காவிட்டால், வெளியார் யாரும் முறையாக டிரைவர் எழுத முடியாது.

2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் தன் ரேடியான் கார்டுகளின் குறிப்புகளை எல்லாருக்கும் பொதுவில் வெளியிடத் தொடங்கியது. ரகசிய ஒப்பந்தம் எதுவும் கேட்கவில்லை. சூசே லினக்ஸ் பொறியாளர்கள் உடனே டிரைவர் எழுத உட்கார்ந்தார்கள். 2008இல் இன்டெலும் தன் கிராஃபிக்ஸ் குறிப்புகளை வெளியிட்டது. (இரண்டு நிறுவனங்களுமே 1972இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியவை. அங்கே வேலை பார்த்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு.)

என்விடியா மட்டும் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. அதன் கார்டுகளுக்காக 'நூவோ' குழுவினர், நிறுவனத்தின் சொந்த டிரைவர் எந்தக் குமிழை எப்போது திருப்புகிறது என்று ஒளிந்து பார்ப்பதுபோல் பதிவு செய்து, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு பொறுமை பாருங்கள். 2012இல் பின்லாந்தில் நடந்த கூட்டத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியாவை நோக்கிக் காட்டிய சைகையைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. பத்தாண்டு கழித்து, 2022 மே மாதம், அந்த நிறுவனமும் தன் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்தது. ஆனால் அது 2018க்குப் பிந்தைய கார்டுகளுக்கு மட்டும். அதற்கு முந்தையவற்றில் பல, நிறுவனமும் கைவிட்டு, குறிப்பும் இல்லாமல் நடுவில் நிற்கின்றன.

கார்டு செத்துவிடவில்லை. அதோடு பேசத் தெரிந்தவர்களுக்கு மொழியைச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிய பொருள் எப்போது குப்பைக்குப் போக வேண்டும் என்பதை விற்றவர் முடிவு செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் நாட்டில் அரசுத் துறைகளுக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு 2004இலேயே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. மென்பொருளை மாற்ற ஆணை போடலாம். கார்டுக்குள் இருக்கும் குறிப்பை ஆணை போட்டு வாங்குவது கடினம்.

தமிழ்ப்பள்ளிக்கோ பிள்ளைக்கோ பழைய கணினி வாங்குகிறவர்கள், லினக்ஸ் ஏற்றிய யுஎஸ்பி ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோங்கள். நிறுவாமலேயே அதிலிருந்து இயக்கி, ஒரு காணொளியை முழுத்திரையில் ஓடவிடுங்கள். படம் தயங்கினால் இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள வேறொரு பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.