குத்தூசி பிடித்த வீரர்

யூத வீரர் என்றதும் கவண் ஏந்திய தாவீதே பலருக்கு நினைவுக்கு வருவார். திருவாலங்காட்டில் நமது வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் யூத வீரர், குத்தூசி பிடித்தவர். ஹெர்மன் காலன்பாக் என்பது அவர் பெயர்.

ஜோகன்னஸ்பர்க்கில் கட்டடச் சிற்பியாகப் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1910-ஆம் ஆண்டில் தமது 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு வாடகையின்றி விட்டார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. கிறிஸ்தவத் துறவிகளின் மடமொன்றில் செருப்புத் தைக்கக் கற்று வந்து, காந்தியடிகளுக்கும் கற்பித்தார். அங்கே பயின்ற பிள்ளைகளில் தமிழர் பலர்.

இப்பாடத்தை வாயால் மட்டும் நடத்த மனம் வரவில்லை. பாதத்தை அட்டையில் வரைந்து, அவ்வளவில் தோலை வெட்டி, வார் கோத்துத் தைக்கச் செய்தோம். "செருப்புத் தைக்கவா பள்ளிக்கூடம் அனுப்பினோம்?" என்று தகப்பனார் இருவர் வந்து நின்றனர். தோலைத் தொட்டால் ஜாதி கெடும் என்ற பழைய பயந்தான்! "பாரிஸ்டர் காந்தியே தைத்தாரே" என்றாள் ஒரு சிறுமி. ஒருவர் முறுவலித்துச் சென்றார். மற்றவருடைய மகன் இன்னும் தோலைத் தொடவில்லை.

அவனுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறோம். பண்ணையில் பாம்புகள் மிகுதி. விஷமற்றவை எவை, பயிருக்குக் காவலானவை எவை என்று காலன்பாக் இனம் பிரித்துக் காட்டினார். நாகமொன்றுக்குத் தம் கையாலேயே தினமும் உணவிட்டார். அதை மட்டும் நாம் பின்பற்றுவதாக இல்லை. பையன் களிமண்ணில் சாரையும் நல்லபாம்பும் செய்கிறான். சாரை சரியாக வந்துவிட்டது. நல்லபாம்பின் படந்தான் காயுமுன் சாய்ந்துவிடுகிறது.