தராசு யார் கையில்?

கண்டி தலதா வீதியில் நடந்து பாருங்கள். கடைக் கண்ணாடிகளிலும் விளம்பரப் பலகைகளிலும் வெளுத்த பெண்முகங்கள் புன்னகை புரிகின்றன. அவை கூறும் செய்தி ஒன்றே: பெண்ணே, நீ குறையுடையவள், குறை தீர்க்கும் பொருள் எம்மிடம் உண்டு, விலையைக் கொடு! ஹந்தானைக்கும் கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் பஸ் ஏறும் நம் பெண்கள் அச்செய்தியையும் சுமந்தே வீடு திரும்புகின்றனர்.

பெண்ணின் மதிப்பை முதலாளித்துவம் இரு தராசுகளில் நிறுக்கிறது. ஒன்று மலையில், மற்றொன்று கடைவீதியில். இரண்டிலும் குறைந்து நிற்பவள் அவளே.

மலைத் தராசை முதலிற் பார்ப்போம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அப்பயிர் மலையெங்கும் பரவியபோது கொழுந்து பறிக்கும் கை பெண்ணின் கையாயிற்று. அக்கைக்கு ஆணிலும் குறைந்த கூலியே விதிக்கப்பட்டது. பால் காரணமாக எப்பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்றது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை. தோட்டத்தில் சமகூலி வந்ததோ 1984 இல், அதுவும் வேலைநிறுத்தத்தின் பின்னர்! ஆறாண்டுகள் அடிப்படைச் சட்டம் ஏட்டில் உறங்கியது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியவர்களுக்கு அந்த ஏட்டிலும் இடமிருக்கவில்லை. சமகூலி வந்த பின்னும், குறித்த கிலோ நிறையாத நாளுக்கு ‘அரைப்பேர்’ போடும் வழக்கம் ஒழியவில்லை.

இனிக் கடைவீதித் தராசு. 1975 இல் ‘ஃபெயார் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது; பின்னர் நம் நாட்டுக் கடைகளையும் நிறைத்தது. 2020 இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்தபோது ‘ஃபெயார்’ என்ற சொல்லை நீக்கினர். சொல்லை நீக்கிவிட்டனர், நாற்பத்தைந்து ஆண்டுகள் பெண்நெஞ்சில் விதைத்த தாழ்வை நீக்கினரோ?

இன்னுமொன்று கேளுங்கள். கூடை சுமந்த கொழுந்துக்காரியின் படத்தைக் காட்டி உலகெங்கும் தேயிலை விற்றது லிப்டன். அந்த லிப்டனும் இந்த முகப்பூச்சும் பல்லாண்டுகள் யூனிலீவர் என்ற ஒரே குழுமத்தின் சரக்குகள். 2022 இலேயே அக்குழுமம் தன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியைக் கைமாற்றியது. மேனாட்டாரிடம் தேயிலை விற்க அவளுடைய கறுத்த முகம் அழகாயிற்று. அவளிடமே பூச்சு விற்க அதே முகம் குறையாயிற்று! இது வாணிப தர்மமா, வஞ்சகமா?

“ஏழைப் பெண் ஆசைக்கு ஒரு பூச்சு வாங்கினால் உமக்கென்ன?” என்று சிலர் வினவக்கூடும். அலங்காரம் அவள் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. பூச்சின்றி நீ மதிப்பற்றவள் என்று அவளை நம்பவைப்பதையே மறுக்கிறோம்.

கம்பனியை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பலாமோ? மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ கேட்பவர் யார்? சட்டத்தரணி வீட்டிலும் வைத்தியர் வீட்டிலும் கமக்காரர் வீட்டிலும் பெண்ணை நிறத்தாலும் சீதனத்தாலும் நிறுப்பவர் யார்? நாமே! அந்நியன் விரித்த கடைக்கு நம் வீட்டுத் திண்ணையே வாடிக்கை சேர்க்கிறது.

பெண்ணுக்கு உபதேசம் வேண்டாம்; உரிமை வேண்டும். உழைத்த நாளுக்கு முழுப்பேர் வேண்டும். மனைவியின் கூலியைக் கணவன் பெற்றுக்கொள்ளும் பழைய வழக்கம் எங்கு எஞ்சியிருப்பினும் ஒழிய வேண்டும். கூலி அவள் பெயரிலுள்ள கணக்கிலே சேர வேண்டும். லயத்துக்குப் பதிலாகத் தரப்படும் காணியும் வீடும் அவள் பெயரையும் தாங்கிய உறுதியுடன் வரவேண்டும். தன் பெயரில் கூலியும் காணியும் உடையவளைக் குறையுடையவள் என்று கூற எந்தக் கண்ணாடிக் கடைக்கும் நா எழாது.

தராசு இதுகாறும் பிறர் கையில் இருந்தது போதும். அதை அவள் கையில் ஒப்படைக்க இன்றே எழுவோம்!