பெற்றோருக்கும் காலாவதித் தேதியா?

ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ள 2019இல் '870' என்ற தற்காலிக விசா வந்தது. மூன்றாண்டுக்கு 5,000 டாலர், ஐந்தாண்டுக்கு 10,000 டாலர் என்று கட்டணம் வைத்துத் தொடங்கினார்கள். மருத்துவக் காப்பீடு சொந்தச் செலவு. மொத்தமே பத்தாண்டுதான். நிரந்தர வசிப்புரிமைக்கு வழியில்லை. வேலையும் செய்யக் கூடாது.

வேலை செய்யக் கூடாதாம்! பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி, சமைத்து, பள்ளிக்கு அழைத்துப் போவது யார்? பெரும்பாலும் அந்த அம்மாதான். அவர் வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான் பிள்ளைகள் வேலைக்குப் போய் அந்த நாட்டுக்கு வரி கட்டுகிறார்கள். கூலி இல்லாததால் சட்டத்தின் கண்ணில் அது வேலையே இல்லை. மூட்டு தேய்ந்து, கவனிப்பு தேவைப்படும் வயதில் அவரை விமானம் ஏற்றிவிடுவார்கள்.

இதிலும் படிநிலை உண்டு. அழைப்பவருக்கு ஆண்டுக்கு 83,000 டாலருக்கு மேல் வருமானம் வேண்டும். துணைவரின் வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம். குறைந்த கூலிக்காரருக்கு எட்டாது. வசிப்புரிமை இல்லாமல் நிற்கும் ஈழத்து அகதிக்கு விண்ணப்பிக்கவே உரிமையில்லை.

உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம். இந்த நியாயம் நமக்குப் புதிதா? ஊரில் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைத்த குடும்பங்களும் இன்று அங்கே உரிமை கேட்கின்றன. கேட்கட்டும், அது நியாயமான உரிமைதான். அந்த டம்ளரையும் உடைத்துவிட்டுக் கேட்கட்டும்.