எதை அனுசரிப்பது?

வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்லும் புத்தி ஒன்றுதான்: 'அனுசரிச்சுப் போ.' எதை? அங்கி, கையுறை, பாதுகாப்பு விதி இவற்றை அனுசரித்தே ஆகவேண்டும். 2008 டிசம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வகத்தில், அங்கி இல்லாமல் வேலைசெய்த ஷெரி சாங்ஜி தீப்பிடித்து, சில வாரங்களில் செத்துப்போனார். வயது 23. முறையான பயிற்சி தராததற்காக மாநில அரசு பல்கலைக்கழகத்துக்கு அபராதம் போட்டது.

ஆனால் வாயை மூடிக்கொண்டு ராப்பகலாய் உழைக்கணும்னு எந்த விதியும் இல்லை. 2022 நவம்பரில் அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் உட்பட 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊதிய உயர்வு வாங்கினார்கள்.

தோழர்களே, ஆராய்ச்சியும் உழைப்புதான். போனதும் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாதுகாப்புப் பயிற்சி எப்போது? சங்கம் எங்கே?